மன்னியின் பன்னிரண்டாவது பாட்டு

மரச்சட்டம் போட்ட ஒரு சிலேட்டு. மாதுங்கா மார்க்கெட்டில் ஒரு திருநெல்வேலிக்காரர் கடையில் மன்னி அதைக் கையில் எடுத்து, விரலால் தட்டிப் பார்த்து வாங்கியது நேற்று நடந்தது போல இருக்கிறது. முப்பது வயதுக்காரி. வெள்ளை வெளேரென்ற நிறம், அம்மா கட்டிவிட்ட சுங்குடிப் புடவை, காலில் ஆண்பிள்ளைகள் போடுகிற கெட்டிச் செருப்பு. கடைக்காரர் அவளிடம் பேசத் தயங்கி என்னைப் பார்த்து, "பிள்ளைக்காம்மா? எத்தனாங் கிளாசு படிக்கி?" என்று கேட்டார். அந்த அளவுத் தமிழ் மன்னிக்கு அதற்குள் புரிய ஆரம்பித்திருந்தது. "எனக்கு," என்றாள். தமிழ் எழுதப் பழகப் போகிறாள் என்று நினைத்துக் கடைக்காரர் சந்தோஷப்பட்டு ஒரு பெட்டிப் பல்பத்தை இனாமாகக் கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பகலெல்லாம் யார் யாரோ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

அண்ணா இன்ஜினியர். அறுபதுகளின் ஆரம்பத்தில் சர்க்கார் அவனை ருஷ்யாவுக்கு இரண்டு வருஷம் பயிற்சிக்கு அனுப்பியது. போனவன் மெஷின் வேலையைக் கற்றுக்கொண்டு, கூடவே தனக்கு பாஷை சொல்லிக்கொடுத்த வாத்தியாரம்மாவையும் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றான். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சமையலறையிலிருந்து, "அவ சாப்ட்டாளா?" என்று கேட்டாள். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. அண்ணாவுக்குச் செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ். நானும் அம்மாவும் மாதுங்காவிலேயே இருந்தோம். மன்னி அங்கே சும்மா பாஷை சொல்லிக்கொடுத்தவள் மட்டும் இல்லை, கவிதை எழுதுகிறவள், இருபத்திரண்டு வயதில் ஒரு புஸ்தகம் அச்சாகியிருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் புஸ்தகத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் யாரோ மோசமாக எழுதினார்களாம். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமாம். அதற்கப்புறம் அவளுடைய ஒரு வரியைக்கூட எவரும் அச்சடிக்கவில்லை. ஒருநாள் ஆட்கள் வந்து அறையைக் கிளறி இரண்டு நோட்டுப் புஸ்தகங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். போனது போனதுதான். அன்றிலிருந்து அவள் காகிதத்தில் எழுதுவதில்லை.

சிலேட்டு அதற்குத்தான். செம்பூர் வீட்டில் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடப்பாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும், வலது கை விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். முதலில் பார்த்தபோது தாளம் போடுகிறாள், சங்கீதம் தெரியும் போலிருக்கிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். திடீரென்று உட்கார்ந்து நாலு வரி எழுதுவாள். பார்ப்பாள், ஒன்றை மாற்றுவாள், இன்னொரு தடவை பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டை விரலை நாக்கில் தொட்டு மொத்தத்தையும் அழித்துவிடுவாள். அம்மா பதறிப்போனாள். "எழுத்தை எச்சலால அழிக்கறதாவது! சரஸ்வதிடீ!" அடுத்த வாரத்திலிருந்து மன்னி பக்கத்தில் ஒரு ஈரத் துணி வைத்துக்கொண்டாள். அழிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. "இங்க யாரு வந்து உன் நோட்டைத் தூக்கிண்டு போகப் போறா? செம்பூர்ல கொசுவைத் தவிர எவனும் வரமாட்டான்," என்று அண்ணா சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள். அவளுடைய தம்பி அங்கே ஒரு காலேஜில் வேலையாக இருந்தான். இங்கே ஒரு காகிதம் அகப்பட்டால் அங்கே அவனுக்கு ஆகாது என்பது அவள் எண்ணம். அண்ணாவிடம்கூட அவள் தன் கவிதைகளைச் சொன்னதில்லை. அவன் தொழிற்சாலையில் ருஷ்யாக்காரர்கள் வருவார்கள், போவார்கள். யாராவது கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

ஆக, அவள் எழுதியதெல்லாம் இருந்த ஒரே இடம் அவள் தலை. நான் அந்தத் தலைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மன்னி மாதுங்காவுக்கு வந்திருந்தாள். அம்மாவும் நானும் விளக்கேற்றி, அம்பாள் மேலான ஆயிரம் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம். அம்மா புடலங்காயை நறுக்கிக்கொண்டே சொல்வாள், நான் தலையைப் பின்னிக்கொண்டே சொல்வேன், ஒரு எழுத்து பிசகாது. முடிந்ததும் மன்னி கேட்டாள்: "புஸ்தகம் இல்லை?" இல்லை. "இது என்ன பாஷை?" சமஸ்கிருதம். "உனக்கு சமஸ்கிருதம் தெரியுமா?" ஒரு வார்த்தை தெரியாது. "அம்மாவுக்கு?" அம்மாவுக்கு நான் பரவாயில்லை. "அர்த்தம் தெரியாமச் சொன்னாலும் பலன் உண்டு," என்றாள் அம்மா, தன் கட்சியை விட்டுக்கொடுக்காமல். மன்னி அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. கோபமோ என்று பயந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செம்பூருக்குப் போனபோது என்னை பால்கனியில் உட்கார வைத்து, "நாத்தனார், என் பாட்டை அந்த மாதிரி வெச்சுப்பியா?" என்றாள். என் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. அம்மா சொல்லிக்கொடுத்த உறவுமுறையையே பெயராக வைத்துக்கொண்டுவிட்டாள்.

சரி என்றேன். பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். அவள் ஒரு வரி சொல்வாள், நான் இரண்டு தரம் திருப்பிச் சொல்வேன். அர்த்தம் கேட்டால் சொல்ல மாட்டாள். "அர்த்தம் தெரிஞ்சா, மறந்து போற இடத்துல நீ உன் வார்த்தையைப் போட்டுடுவே. தெரியாட்டா பயந்துண்டு அப்படியே வெச்சுப்பே." டைப்பிஸ்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்லோக ராகம் ஒன்றுதான், அதிலேயே ஏற்றிவிட்டேன். முதல் தடவை கேட்டபோது மன்னி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "ராகம் இருக்கட்டும். வார்த்தை ஓடிப் போகாது," என்று விட்டுவிட்டாள். ஞாயிறு சாயங்காலம் குர்லாவில் வண்டி மாறி வீட்டுக்கு வரும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ரயிலில் லேடீஸ் டப்பாவில் ஒரு மாமி, "இது எந்த ஸ்லோகம்மா? நான் கேட்டதே இல்லையே," என்று கேட்டாள். "இது ருஷ்யா தேசத்து அம்பாள் மேல, மாமி," என்றேன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இப்படி ஒன்றரை வருஷத்தில் பதினொரு பாட்டு ஏறியது. எழுதி வைக்க மாட்டேன் என்று மன்னி என்னிடம் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. மீறியிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

பதினொன்றும் சின்னச் சின்னப் பாட்டுகள். அவளுக்கு வேண்டியது பன்னிரண்டாவது. அதற்கு என் வாயும் தலையும் தேறிவிட்டதா என்று பார்க்கத்தான் மற்றதெல்லாம் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். அது மட்டும் நீளம், சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். ஒன்பது வருஷமாக அதைத் தலைக்குள்ளேயே செதுக்கிக்கொண்டிருந்தாள். இதைப் பற்றி மட்டும் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். யுத்த காலம், பனிக்காலம், ஊரில் ரொட்டி இல்லை. அவள் அம்மா தன் பங்கை இரண்டு குழந்தைகளுக்கும் கொடுத்துக் கொடுத்தே ஒருநாள் எழுந்திருக்காமல் போய்விட்டாள். பனியில் இழுக்கிற சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். எந்தக் குழியில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. தம்பிக்கு அப்போது இரண்டு வயது, அம்மாவின் முகம்கூட ஞாபகம் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தத் திதி?" என்று கேட்டாள். திதி என்ன, தேதியே தெரியாது. மன்னி தன் குறைத் தமிழில் சொன்னாள்: "அம்மாவுக்கு இடம் இல்லை. இந்தப் பாட்டுதான் இடம்."

இதைக் கேட்ட பிறகும் நான் தள்ளிப்போட்டேன். இதற்கு என்ன சமாதானம் சொல்வது? ஒரு ஞாயிறு ஆபீசில் ஓவர்டைம். ஒரு ஞாயிறு காட்கோபரில் ஒரு கல்யாணம். ஒரு ஞாயிறு மழையில் குர்லாவில் தண்டவாளம் முழுகி வண்டி நின்றது. நாலாவது ஞாயிறு எந்தச் சாக்கும் இல்லை. போனேன். மன்னி பால்கனியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைத்துவிட்டு, "பெரிசு ஆரம்பிக்கலாமா?" என்றாள். எனக்கு வாரம் முழுவதும் டைப் அடித்த களைப்பு. பையில் இரவல் வாங்கிய வாரப் பத்திரிகை ஒன்று இருந்தது, தொடர்கதையில் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தேன். ஆவணி அமாவாசைக்கு மறுநாள், பிரதமை.

"இன்னிக்கு பிரதமை, மன்னி. புதுப் பாடம் ஆரம்பிச்சா நிக்காது. விஜயதசமிக்கு ஆரம்பிப்போம். அன்னிக்கு ஆரம்பிச்சது அழியாதுன்னு சொல்லுவா."

"அழியாது?"

"அழியவே அழியாது."

அவளுக்கு அது ரொம்பவும் பிடித்துவிட்டது. தன் அம்மாவின் பாட்டுக்கு ஒரு நல்ல நாள் பார்க்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் என் கன்னத்தைத் தொட்டாள். காலண்டர் தாள்களைப் புரட்டி அந்தத் தேதியைக் கண்டுபிடித்து, பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு தொடர்கதை படித்தேன். மூன்றாவது பாட்டை நான் கற்றுக்கொண்டது ஒரு அஷ்டமியில். ஆறாவது ஒரு நவமியில். அப்போதெல்லாம் நான் காலண்டரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மனசுக்கு வேண்டாத காரியத்துக்குத்தான் நாள் நட்சத்திரம் ஞாபகம் வரும். அம்மாவும் என் பேச்சைக் கேட்டு, "அதான் சரி. பெரிய காரியத்தை நல்ல நாள்லதான் ஆரம்பிக்கணும்," என்று மெச்சிக்கொண்டாள். முழுசாக நாற்பது நாள் இல்லை. நாற்பது நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

புரட்டாசி அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் மன்னிக்கு ஜுரம் வந்தது. செம்பூர் அப்போது பாதி சதுப்பு. ஜுரம் வராத வீடு இல்லை. கஷாயம் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மூளைக் காய்ச்சல் என்று தனி வார்டில் போட்டார்கள். ஒட்டிக்கொள்ளும் வியாதியோ என்று சந்தேகம், யாரையும் உள்ளே விடவில்லை. அண்ணாவை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கவிட்டார்கள். நான் தினம் ஆபீஸ் விட்டதும் போய் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்புவேன். வீட்டில் கொலு வைக்கவில்லை. விஜயதசமி அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். என்னத்துக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. வார்டைத் துடைக்கிற ஆயா, தாராவிக்காரி, வாளியோடு வெளியே வந்தவள் என் பூவையும் பொட்டையும் பார்த்து நின்றாள்.

"அந்த வெள்ளக்காரம்மாவுக்குச் சொந்தமாக்கா நீங்க? முந்தாநா வர வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டே கெடந்தாவ. பொலம்பல் மாரி இல்லக்கா. பாட்டு மாரி."

"என்ன பாட்டு? சின்னதா, பெரிசா?" என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

"நல்ல நீளம். வார்டு முச்சூடும் தொடச்சு முடிக்க வரைக்கும் வரும். முடிஞ்சதும் திருப்பி மொதல்ல இருந்து. நான் பக்கத்துல போனா என் கையப் புடிச்சிக்கிட்டு என் மூஞ்சியப் பாத்தே சொல்லுதாவ. நீ கத்துக்கோங்கற மாரி இருந்துச்சு. எனக்கு ஒரு எழவும் வெளங்கலக்கா. ஆனா கேக்க நல்லா இருந்துச்சு."

"இப்போ?"

"நேத்துல இருந்து சத்தமில்ல."

அந்த ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவள், "அளாதீய, பொழச்சுக்கிடுவாவ," என்று என் முதுகைத் தடவினாள். பிழைத்துக்கொள்வாளா என்பதற்காக நான் அழவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒன்பது வருஷத்து வேலை, ஒரு தாயின் சமாதி, அது கடைசியாக வாய்விட்டு வெளியே வந்தபோது கேட்க ஒரு ஆள் இருந்தாள். ஆனால் அது நான் இல்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஐப்பசி முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணாவைத் தெரிந்தது, அம்மாவைத் தெரிந்தது, என்னைப் பார்த்ததும் "நாத்தனார்" என்றாள். காபி போடத் தெரிந்தது. ருஷ்ய பாஷையும் தமிழும் கொஞ்சம் குறைந்தாலும் திரும்பி வந்தன. பாட்டுகள் மட்டும் வரவில்லை. தான் கவிதை எழுதினவள் என்பதே தெரியவில்லை. டாக்டர், உயிர் தப்பியதே பெரிய விஷயம், மற்றதைக் கிளறி அவளைக் கலவரப்படுத்தாதீர்கள் என்றார். நான் தள்ளிப்போட்டது தெரிந்தும் அண்ணா என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடப்பதை அவள் விட்டுவிட்டாள். கை விரல் மட்டும் எப்போதாவது தொடையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிற்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழி தானாக உடையவில்லை.

மன்னி அதற்கப்புறம் பதினான்கு வருஷம் இருந்தாள். அவள் போய் வெகு காலம் கழித்து, அந்த ஊரில் பயம் தெளிந்த பிறகு, அவளுடைய தம்பியின் பெண் என்னைத் தேடிக்கொண்டு, அப்போது நான் குடியிருந்த முலுண்டுக்கு வந்தாள். கையில் டேப் ரிக்கார்டர். பதினொன்றையும் என் ஸ்லோக ராகத்திலேயே சொன்னேன். அந்தப் பெண் அழுதுகொண்டே பதிவு செய்தாள், தேய்ந்துபோன வார்த்தைகளைச் சரிபண்ணிக்கொண்டாள். அங்கே ஒல்லியாக ஒரு புஸ்தகம் வந்தது. அதில் என் பெயரும் இருக்கிறதாம், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில். அவள் அப்பா ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார்: அம்மாவைப் பற்றி அக்கா ஏதாவது எழுதினாளா? எழுதினாள், இப்போது இல்லை என்று பதில் போட்டேன். ஏன் இல்லை என்று எழுதக் கை வரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள், "பதினொண்ணையாவது காப்பாத்தினேளே மாமி," என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதல் இல்லை. இன்றைக்கும் காலையில் விளக்கேற்றிவிட்டு, ஸ்தோத்திரங்கள் முடிந்ததும் பதினொன்றையும் சொல்கிறேன். பதினொன்றாவது முடிகிற இடத்துக்கு வர எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்குக் காரணம் ஒரு மார்கழி மத்தியானம். இதைக் கடைசியில் வைத்திருப்பது சாமர்த்தியத்துக்காக இல்லை, முன்னாலேயே சொல்ல வரவில்லை. மன்னி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் பேச்சையும் அண்ணா பேச்சையும் மீறி, அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நான் அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஏதோ ஒரு வரி அவளுக்குள் எதையாவது தட்டி எழுப்பாதா, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வராதா என்ற நப்பாசை. இரண்டாவது பாட்டுவரை உரித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவதில் கை நின்றது. ஏழாவதில் அவள் உதடு என்னோடு கூடவே அசைய ஆரம்பித்தது. நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் போய்விடும் என்று மூச்சு விடாமல் ஓடி ஓடிப் பதினொன்றையும் சொல்லி முடித்தேன்.

மன்னி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான், மன்னி."

அவள் தலையை ஆட்டினாள். "இல்லை. அப்புறம் அம்மா வருவா."

அவள் பட்டாணித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மா வருவதற்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.